40 நிமிஷம்

கல்வி பற்றிய எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் ஒரு பேச்சு நிச்சயம் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் மேடையேறி, ‘உலகம் எங்கேயோ போயிடுச்சு, நம்ம வாத்தியார்கள் இன்னும் சாக்பீஸை விட மாட்டேங்கிறாங்க’ என்பார். கைதட்டல் கிடைக்கும். அடுத்தபடியாக, ஆசிரியர்கள் உடனே பழகியாக வேண்டிய 10 இணையக் கருவிகளின் பட்டியல் திரையில் வரும். பாதிப் பெயர் வாயில் நுழையாது. மீதிக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

ஆசிரியர்கள் புதுசு என்றாலே ஓடுகிறவர்கள் என்பதுதான் இந்தப் பேச்சுக்கு அஸ்திவாரம். அது எவ்வளவு கெட்டி என்று பார்த்துவிடலாம். உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர் யாரிடமாவது, ‘வாட்ஸ்அப் யார் சொல்லிக் கொடுத்தாங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். யாரும் இல்லை என்பார். அதற்கு ஐந்து நாள் பயிற்சி முகாம் நடக்கவில்லை. சுற்றறிக்கை வரவில்லை. சான்றிதழ் தரவில்லை. ஆனாலும் பள்ளிக்கு ஒரு குரூப், பாடத்துக்கு ஒரு குரூப், சங்கத்துக்கு ஒரு குரூப் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. ரிட்டயராகப் போகிற தமிழய்யாகூட வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். டீக்கடையில் ஜிபே பண்ணுகிறார்.

ஆக, கருவியைக் கண்டு பயம் இல்லை. தன் வேலை சுலபமாகிறது என்று தெரிந்தால் யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறார்கள். வகுப்பறைக்கென்று வருகிற கருவி மட்டும் ஏன் கசக்கிறது? அது தனியாக வருவதில்லை. உத்தரவு, கெடு தேதி, கணக்கெடுப்பு, ‘பயன்படுத்தியதற்கு ஆதாரமாக போட்டோ’ என்று ஒரு பரிவாரத்தோடு வருகிறது. ஆசிரியர் முகம் சுளிப்பது அந்தப் பரிவாரத்தைப் பார்த்து. நாம் அதைக் கருவி மேல் உள்ள வெறுப்பு என்று எழுதி வைத்துவிடுகிறோம்.

இயந்திரம் வந்து வகுப்பறையைக் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கைக்கு 100 வயசுக்கு மேல் ஆகிறது. 1913-ல் தாமஸ் ஆல்வா எடிசன், சினிமா வந்துவிட்டதால் பள்ளிப் புத்தகங்கள் சீக்கிரமே காலாவதியாகிவிடும், பத்து வருஷத்துக்குள் பள்ளிக்கூட முறையே அடியோடு மாறிவிடும் என்றார். பல்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் சொன்னதால் உலகம் நம்பியது. 1923 வந்தது, போனது. புத்தகப் பை மட்டும் கனமாகிக்கொண்டே இருக்கிறது.

நம் நாட்டிலும் முயற்சிகளுக்குக் குறைவில்லை. 1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருஷம், நாசாவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டி.வி. நிகழ்ச்சிகள் அனுப்பினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனி நிகழ்ச்சிகள் இருந்தன. அருமையான முயற்சி. வருஷம் முடிந்ததும் செயற்கைக்கோளை அதன் சொந்தக்காரர்கள் நகர்த்திக்கொண்டு போய்விட்டார்கள். 1984-ல் பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்கள் பள்ளிகளுக்கு வந்தன. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எஜுசாட் மேலே போனது. ஒவ்வொரு முறையும் அனுப்புகிற பக்கத்தில் இருந்த உற்சாகம், வாங்குகிற பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பார்ப்பதில் இருந்ததில்லை.

அமெரிக்காவில் லாரி கியூபன் என்ற கல்வி வரலாற்று அறிஞர் 1986-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சினிமா, ரேடியோ, டி.வி. மூன்றுக்கும் ஒரே கதைதான் என்று காட்டினார். முதலில் குதூகலம். பிறகு, ஆகா ஓகோ என்று ஆராய்ச்சிகள். பிறகு, வகுப்பில் யாரும் அதிகம் பயன்படுத்தவில்லை என்ற ஏமாற்றம். கடைசியில், எல்லாவற்றுக்கும் வாத்தியார்தான் காரணம் என்ற தீர்ப்பு. நாம் இப்போது எத்தனாவது கட்டத்தில் இருக்கிறோம் என்பதை உங்கள் யூகத்துக்கே விடுகிறேன்.

சரி, வகுப்புக்குள் போவோம். ஒரு பீரியடுக்கு 40 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பிள்ளைகள். வரிசையில் நிறுத்தி லேபுக்குக் கூட்டிப்போக 5 நிமிஷம். சாவி யாரிடம் இருக்கிறது என்று தேட 3 நிமிஷம். யு.பி.எஸ். கத்துகிறது, அதைச் சமாதானப்படுத்தக் கொஞ்சம். பாஸ்வேர்டு ஒன்பதாம் வகுப்பு சாரிடம் இருக்கிறது. அவர் தேர்தல் வேலையாக வெளியே போயிருக்கிறார். நெட் வந்ததும் அந்த வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. ‘டீச்சர், சுத்துது டீச்சர்’ என்கிறது பின் வரிசை. படம் ஓட ஆரம்பிக்கும்போது 20 நிமிஷம் போயிருக்கும். திரும்பக் கூட்டிவர 5 நிமிஷம். மிச்சம் 15.

இதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. அந்த 25 நிமிஷம் யாருடையது என்று யோசிக்கத்தான். டியூஷன் போகிற பிள்ளைக்கு, வகுப்பில் நஷ்டமான நேரம் சாயங்காலம் வட்டியோடு திரும்பக் கிடைத்துவிடும். அப்பா அம்மா படித்திருந்தால் ராத்திரி கிடைக்கும். கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த 40 நிமிஷம்தான் மொத்த முதலீடு. போனால் போனதுதான். அதனால்தான் நல்ல ஆசிரியர் எதையும் உள்ளே விடுவதற்கு முன் யோசிக்கிறார். அதைப் பிடிவாதம் என்கிறோம்.

இன்னொன்றையும் அவர் யோசிப்பார்: இந்தக் கருவி எத்தனை நாளைக்கு? எட்மோடோ என்று ஒன்று 2008-ல் வந்தது. வகுப்பறைக்கான ஃபேஸ்புக் என்று உலகமெங்கும் ஆசிரியர்களுக்குச் சிபாரிசு செய்தார்கள். 2022 செப்டம்பரில் இழுத்து மூடினார்கள். ஃபிளாஷில் செய்த ஆயிரக்கணக்கான பாட அனிமேஷன்கள், 2020 டிசம்பர் 31-ம் தேதி ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றதோடு படுத்துவிட்டன. கூகுளின் ஜாம்போர்டு 2024-ன் கடைசி நாளோடு சரி. ஒரு ஆசிரியரின் சர்வீஸ் 30 வருஷம். ஒரு கருவியின் ஆயுசு சில சமயம் அவர் வாங்கிய ஸ்கூட்டர் லோனைவிடக் குறைவு. ‘இதையும் கத்துக்கிட்டு, இதையும் மறக்கணுமா?’ என்று அவர் கேட்டால் அது சோம்பேறித்தனம் இல்லை, அனுபவம்.

நம் பாடப் புத்தகங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் தமிழ்நாட்டில் வந்த புதிய புத்தகங்கள் உண்மையிலேயே நல்ல முயற்சி. விரைவுக் குறியீடு அச்சிட்டார்கள். செல்போனில் தீக்‌ஷா செயலியைத் திறந்து அதைக் காட்டினால் வீடியோவும் பயிற்சியும் வரும். பல பாடங்களில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பகுதியும் உண்டு. எண்ணத்தில் குறையே இல்லை. ஆனால், குறியீடு பிள்ளையின் கையில், போன் அப்பாவின் சட்டைப் பையில், அப்பா வேலைக்குப் போன இடத்தில். பள்ளிக்கு மாணவர்கள் செல்போன் கொண்டுவரக் கூடாது என்பது விதி. வகுப்பில் ஆசிரியர் போனைத் தொடக் கூடாது என்றும் சுற்றறிக்கைகள் பார்த்த மாநிலம் இது. ஒரு கை ‘ஸ்கேன் பண்ணு’ என்கிறது, இன்னொரு கை ‘போனை எடுக்காதே’ என்கிறது. ஆசிரியர் எந்தக் கையைப் பார்ப்பார்?

மாணவர்களுக்கு இலவச லேப்டாப் 2011-ல் வந்தது. அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கைக்கு டேப்லெட் 2024-ல் வந்தது. நடுவில் 13 வருஷம். வண்டியைக் கொடுத்துவிட்டு டிரைவரை மறந்துபோன கதை.

பயிற்சியும் நடக்கிறது, மறுக்கவில்லை. 2020-ல் கொரோனா காலத்தில் நிஷ்டா என்ற பெயரில் நாடு முழுவதும் ஆசிரியர்களுக்கு இணையவழிப் பயிற்சி கொடுத்தார்கள். வீடியோ, வினா, சான்றிதழ். வீடியோ ஒரு பக்கம் தானாக ஓட, மறுபக்கம் குக்கர் விசில் எண்ணியதைப் பல டீச்சர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். குறை அவர்களுடையது மட்டுமா? எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையே எண்ணிக்கொண்டிருந்தால், முடிப்பதற்கு எது தேவையோ அதைத்தான் மனிதர்கள் செய்வார்கள். எந்தப் பாடம் எந்தப் பிள்ளைக்குப் புதிதாகப் புரிந்தது என்று யாராவது கேட்டிருந்தால் கதை வேறு.

‘வாத்தியாரே எதுக்கு? கம்ப்யூட்டரைக் கொடுத்தால் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்ளும்’ என்று சொல்கிற கட்சியும் ஒன்று இருக்கிறது. அதன் தலைவர் சுகதா மித்ரா. 1999-ல் டெல்லி கால்காஜியில் ஒரு சுவரில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார். குடிசைப் பகுதிப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமல் அதை இயக்கின. உலகமே பேசியது. 2013-ல் அவருக்கு 10 லட்சம் டாலர் டெட் பரிசு கிடைத்தது.

ஆனால், அவருடைய சோதனைகளில் நமக்கு மிகவும் வேண்டியது காளிக்குப்பத்தில் நடந்தது. தமிழ் பேசுகிற கிராமத்துப் பிள்ளைகள். அவர்கள் முன் டி.என்.ஏ. பற்றிய பாடத்தை இங்கிலீஷில், கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து வந்து பரீட்சை வைத்தால், ஒன்றும் தெரியாதிருந்த பிள்ளைகள் 30 மார்க் அளவுக்கு வந்திருந்தன. அசாத்தியம்தான். அதற்குமேல் ஏற வேண்டுமே, என்ன செய்வது? உள்ளூரில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த 22 வயசுப் பெண்ணை, பிள்ளைகளுக்கு நன்றாகப் பழக்கமானவரை, உதவிக்குக் கேட்டார். அவருக்கு உயிரியல் தெரியாது. பாட்டி மாதிரி பின்னால் நின்றுகொண்டு, ‘அடடா, இதெப்படிச் செஞ்சே? அடுத்து என்ன?’ என்று ஆச்சரியப்படுவது மட்டும்தான் அவர் வேலை. மார்க் 50-க்குப் போனது.

கம்ப்யூட்டர் செய்த அற்புதத்துக்கு உதாரணமாக இந்தக் கதையை மேடையில் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பெண்தான் கதாநாயகி என்று தோன்றுகிறது. பாடம் தெரியாத ஒருவர் அன்பாக நின்று கேட்டதற்கே அவ்வளவு பலன் என்றால், பாடமும் தெரிந்து, அப்படி நிற்கவும் நேரமுள்ள ஒருவர் இருந்தால்?

மனிதரைக் கழித்துவிட்டுக் கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாட்டைப் பாருங்கள். பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்ற திட்டத்தில் 8 லட்சத்துக்கும் மேல் வாங்கிக் கொடுத்தார்கள். 2012-ல் வெளியான ஆய்வில் கணக்கிலோ மொழிப்பாடத்திலோ முன்னேற்றத்துக்கான தடயம் இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாமா? கூடாது. உருப்படியாக வேலை செய்த கதையும் இருக்கிறது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளாதார அறிஞர்கள் ஆய்வு செய்தார்கள், 2019-ல் வெளியானது. முதலில் அவர்கள் கண்டது அதிர்ச்சி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு வந்தபோது இடைவெளி நாலரை வகுப்பு. ஆசிரியர் ஒன்பதாம் வகுப்புப் பாடம் நடத்துகிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் மனசளவில் நாலாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் இருக்கிறார்கள். மென்பொருள் என்ன செய்தது? ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடித்து, அந்தப் படியிலிருந்து கேள்வி கேட்டது. பள்ளி நேரம் போக, நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் கணிசமான முன்னேற்றம். பிள்ளைகளைத் தனியே விடவில்லை என்பதையும் கவனியுங்கள். 45 நிமிஷம் கம்ப்யூட்டர். அடுத்த 45 நிமிஷம் சிறு குழுவாக ஒரு உதவி ஆசிரியரோடு.

இங்கேதான் எனக்கு ஒரு அளவுகோல் கிடைக்கிறது. ஒரு ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் 40 படிகளில் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. அது கம்ப்யூட்டரால் முடியும். அப்படியானால் கொடுங்கள். கரும்பலகை நன்றாகவே செய்கிற வேலையை ஒரு லட்ச ரூபாய்த் திரையில் செய்வதற்கு எதற்கு இவ்வளவு ஆரவாரம்?

உதாரணம் சொல்கிறேன். மின்சுற்றுப் பாடம். தொடர் இணைப்பு, பக்க இணைப்பு. பேட்டரியும் இரண்டு பல்பும் ஒயரும் இருந்தால் முதலில் அதைத்தான் செய்து காட்ட வேண்டும். ‘ஒரு பல்பைக் கழட்டினா இன்னொண்ணு எரியுமா?’ என்று கேளுங்கள். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரியும். கழற்றிக் காட்டுங்கள். ஆனால், ஒயருக்குள் என்ன ஓடுகிறது என்று எந்தப் பிள்ளையின் கண்ணுக்கும் தெரியாது. இயற்பியலில் நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ என்ற இலவசத் தொகுப்பு அதற்குத்தான் இருக்கிறது. பேட்டரியையும் பல்பையும் திரையில் இழுத்துப் போட்டு இணைத்தால் எலெக்ட்ரான்கள் ஊர்ந்து போவது தெரியும். ஒயரைப் பிரித்தால் அத்தனையும் நிற்கும். வீட்டிலேயே இறக்கிக் கொண்டுவந்துவிட்டால் வகுப்பில் நெட்கூடத் தேவையில்லை. நாலே நிமிஷம். பாடத்தின் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

அதேபோல முக்கோணம். கோணங்களின் கூடுதல் 180 டிகிரி என்று பலகையில் போட்ட முக்கோணம் அசையாது. ஜியோஜீப்ராவில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று கோணமும் மாறும், கூடுதல் மட்டும் மாறாது. ‘என்ன இழுத்தாலும் 180-தான் வருது சார்!’ என்று ஒரு பிள்ளை தானாகச் சொல்லும். அந்த ‘சார்’-க்காகத்தான் இவ்வளவும்.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவது, பலகையில் அசையாததை அசைத்துக் காட்டுவது, 40 பேருக்கு 40 கேள்வி கொடுப்பது. கருவி இதில் ஏதாவது ஒன்றைச் செய்தால் உள்ளே விடுங்கள். மற்றபடி பாடப் புத்தகத்தையே பி.டி.எஃப். ஆக்கித் திரையில் காட்டுவதற்குப் பெயர் டிஜிட்டல் வகுப்பறை இல்லை. பெரிய எழுத்துப் புத்தகம்.

பரப்புவது எப்படி? பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால், 2001-ல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பள்ளி ஆசிரியர்களிலிருந்தே ஆட்களை எடுத்து, அவர்களையே மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சியாளர்களாக்கினார்கள். கட்டற்ற மென்பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். எந்தக் கம்பெனி கடை மூடினாலும் கவலையில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கு எடுக்கிறவர், எட்டாம் வகுப்புக் கணக்கு எடுக்கிற இன்னொருவருக்கு, ‘இந்த இடத்துல பசங்க முழிப்பாங்க இல்ல, அங்க இதைப் போட்டுப் பாருங்க’ என்று சொல்வதற்கு ஈடான பயிற்சி கிடையாது.

நம் மாநிலத்தின் பாடத்தையும் மறக்கக் கூடாது. கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் கல்வித் தொலைக்காட்சி இருந்தது, வாட்ஸ்அப் வகுப்புகள் இருந்தன. ஆசிரியர்கள் முடிந்ததைச் செய்தார்கள். ஆனாலும் 2021 டிசம்பரில் கிராமத்துப் பிள்ளைகளைச் சோதித்தபோது, 2019-ல் அதே வயசுப் பிள்ளைகள் இருந்ததைவிட வெகுவாகப் பின்தங்கி இருந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அப்படி மீண்டதில் ஏறத்தாழ கால் பங்குக்குக் காரணம் இல்லம் தேடிக் கல்வி என்று ஆய்வு சொன்னது. அது என்ன தொழில்நுட்பம்? சாயங்காலம் ஒரு தெருவில், ஒரு திண்ணையில், ஊர்க்காரப் பெண் ஒருவர் 20 பிள்ளைகளோடு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

எனவே அதிகாரிகளுக்கு: ஒரு வருஷத்துக்குக் கணக்கெடுப்பை நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழுகிற ஐந்து இடங்களை ஆசிரியர்களிடமே கேட்டு வாங்குங்கள். அந்த ஐந்துக்கு மட்டும் கருவி தேடுங்கள். நெட், கரன்ட், ரிப்பேருக்கு ஒரு ஆள், இந்த மூன்றையும் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உத்தரவு போடுங்கள். அநேகமாக உத்தரவே தேவைப்படாது.

ஆசிரியர்களுக்கு: உத்தரவு கசக்கிறது என்பதற்காகக் கருவியையும் தள்ளிவிடாதீர்கள். பட்டியலில் உள்ள பத்தும் வேண்டாம். இந்த டேர்மில் உங்களைப் படுத்துகிற ஒரு பாடம், அதற்கு ஒரே ஒரு கருவி. முதல் தடவை சொதப்பும். பிள்ளைகள் சிரிப்பார்கள். பரவாயில்லை, அவர்களிலேயே ஒருவன் எழுந்து வந்து சரிசெய்து கொடுப்பான். பலித்தால் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கு: அட்மிஷனுக்குப் போகும்போது ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள், பள்ளிகளும் அதற்குத் தனியாக ஃபீஸ் வாங்கிக்கொள்கின்றன. அதை விடுங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வருகிற பிள்ளையிடம் ‘இன்னிக்கு ஸ்க்ரீன்ல என்ன காட்டினாங்க?’ என்று கேட்காமல், ‘இன்னிக்கு என்ன புரிஞ்சுது, எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள். பிள்ளை சொல்ல ஆரம்பித்தால் அந்த 40 நிமிஷம் வீண் போகவில்லை.